காலாண்டுச் செய்திகளும் சனிக்கிழமைச் சொற்பொழிவுகளும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி கூடியிருக்கிறது. கபடி அணி மாவட்டப் போட்டி வரை போய்வந்தது. அறிவியல் கண்காட்சிக்கு அட்டையும் பசையும் வாங்கியே ஓய்ந்துபோன பெற்றோருக்குத் தனி நன்றி.

சரி, சனிக்கிழமைச் சொற்பொழிவுகளுக்கு வருகிறேன். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் நம் பக்கத்து மாமல்லபுரத்துக்கு வந்தார். பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு அவருக்கு அர்ச்சுனன் தபசைக் காட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் நாட்டில் ஆட்சி எப்படி நடக்கிறது, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டால் இங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை, என்னையும் சேர்த்துத்தான். அதனால்தான் சீன அரசியல், சமூகம் பற்றிய இந்தத் தொடரைத் தொடங்கி, உங்களையும் அழைத்தோம்.

முதல் வாரம் 'காவ்காவ்' என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு. மாவோ 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் நின்றுபோன அந்தத் தேர்வு 1977 டிசம்பரில் திரும்ப நடந்தபோது, சுமார் 57 லட்சம் பேர் எழுதி 2.7 லட்சம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. அதைக் கேட்டதும் நம் பன்னிரண்டாம் வகுப்பில் பேச்சு மூச்சே இல்லை.

சிக்கல் இரண்டாம் வாரம் வந்தது. தலைப்பு, 1980 முதல் 2015 வரை சீனாவில் இருந்த, குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்னும் கொள்கை. இதனால் 40 கோடிப் பிறப்புகள் தவிர்க்கப்பட்டதாக சீன அரசு சொல்வதை, பேச வந்த பேராசிரியர் முதலில் சொன்னார். பிறகு, எழுபதுகளிலேயே பிறப்பு விகிதம் பாதியாகக் குறைந்துவிட்டதால் அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை என்றார். கட்டாயக் கருக்கலைப்புகளைச் சொன்னார். 2021இல் மூன்று பிள்ளைகள் வரை அனுமதித்தும் 2022இல் மக்கள்தொகை குறையத் தொடங்கியதையும் சொன்னார். ஒரு மணி நேரப் பேச்சில் முதல் அரை நிமிடத்தை மட்டும் யாரோ வெட்டி, 'பள்ளியில் சீனாவுக்கு விளம்பரம்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். பேராசிரியர் பெரியவர், சமாளித்துக்கொள்வார். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அங்கே ஒரே கட்சி என்பதால்தானே இதைச் செய்ய முடிந்தது? நம் நாட்டில் முடியுமா?" என்று கேட்டாள். அன்றைய கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. அவசரநிலைக் காலத்தில் இங்கும் கட்டாயக் கருத்தடை நடந்ததையும், 1977 தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை மாற்றியதையும், அப்படி மாற்ற அங்கே தேர்தல் இல்லாததையும் பேராசிரியர் பதிலாகச் சொன்னார். அந்தக் காணொளியில் இதிலிருந்து சேர்த்திருந்ததோ கேள்வியின் முதல் பாதியும் அந்தப் பிள்ளையின் முகமும்தான். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. வந்தவர்களும் கை தூக்கவில்லை.

இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இனி அரங்க வாசலில் கூடை இருக்கும். பெற்றோர், ஊர்க்காரர், என்னுடையது உட்பட எல்லாக் கைபேசியும் அணைத்து அதில் போட்ட பிறகே உள்ளே போகலாம். மாணவர் எவரையும் யாரும் படம் பிடிக்கக் கூடாது. மீறுகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து போகச் சொல்வேன்.

பேச்சில் குறை தெரிந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள். தனியாகப் பேச வேண்டுமென்றால் மதியம் 3 மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள். பகிர்ந்தவர்களில் இருவர் தாங்களாகவே வந்து வருத்தம் தெரிவித்தார்கள். அது எளிதல்ல என்று தெரியும், அவர்களுக்கு நன்றி. வாராவாரம் நாற்காலி போட்டு, சுண்டல் கொடுத்துவிடும் பெற்றோருக்கும் நன்றி.

வரும் சனிக்கிழமை 'ஹுகோ' பற்றிய பேச்சு. 1958இல் சீனாவில் வந்த இந்தக் குடும்பப் பதிவு முறை, பள்ளி போன்ற வசதிகளைப் பதிவான சொந்த ஊரோடு கட்டிப்போடுவதால், நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் பலர் பிள்ளைகளைக் கிராமத்துத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போக நேர்கிறது. மாலை 4 மணிக்குத் தொடங்கும். கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்