விஸ்லர் பயண ஏற்பாட்டுக் குழுவுக்கு: எக்செல் தாளில் இன்னும் ஒரு கட்டம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட செய்தியைப் பார்த்தேன். "விஸ்லர் கன்ஃபர்ம்ட். டிசம்பர் 26 டு 30. தங்கற காண்டோ புக் ஆயிடுச்சு, ரீஃபண்ட் கிடையாது. பங்குப் பணத்த ஞாயிறுக்குள்ள அனுப்பிடுங்க." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒன்று போடப் போய், விரலை எடுத்துக்கொண்டேன். அங்கேயே பதில் எழுதினால் பத்தே நிமிஷத்தில் யாராவது ஒரு மீம் போட்டு அதை மேலே தள்ளிவிடுவீர்கள். அதனால் மடலாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி, கனடாவின் பனிச்சறுக்கு ஊரான விஸ்லருக்குப் போகப் பதினான்கு குடும்பங்களை ஒரே தேதிக்குச் சம்மதிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த உழைப்புக்கு மனமார்ந்த நன்றி, இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. (குத்தல் பின்னால் வரும்.)

நீங்கள் அனுப்பிய எக்செல் தாளை இரண்டு முறை படித்தேன். யார் காரில் எத்தனை இடம், யார் வீட்டு இட்லி மாவு, யாருக்கு முட்டை ஆகாது, ஸ்கீ பூட் அளவு என்ன, எல்லாம் இருக்கிறது. டயருக்கென்று தனிக் கட்டம். ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து விஸ்லர் போகும் 99-ம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம், பள்ளம் 3.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் போட்டு, அளப்பது எப்படி என்று படமும் வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கனடா விசா இருக்கிறதா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

போன டிசம்பர் கதை உங்களுக்குத் தெரியும். நவம்பர் நடுவில் இதே மாதிரி "கன்ஃபர்ம்ட்" வந்தது. மறுநாளே விண்ணப்பித்தோம். ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. டிசம்பர் 23 வரை "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி. காண்டோவுக்குக் கட்டிய பணம் திரும்பாது என்றீர்கள், அதைக்கூட விட்டுவிட்டோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வாங்கிய சிவப்புக் கையுறை மட்டும் மேஜை மேலேயே கிடந்தது. அவள் இங்கே பிறந்தவள், அமெரிக்காவின் நீல பாஸ்போர்ட்காரி, விசா வேண்டாதவள். "குழந்தைய ஏன் தடுக்கறீங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று உங்களில் ஒருவர் அன்போடுதான் சொன்னார். வங்கியில் போய் நோட்டரி முன்னால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டோம். 'எங்கள் மகள் எங்கள் அனுமதியோடுதான் பயணிக்கிறாள்.' அந்த வரியை எழுதியவள் என் மனைவி. எழுதி முடித்து, பேனாவை மூட மறந்து கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

26-ம் தேதி காலை எல்லை ஊரான பிளெய்ன் வரை பின்னாலேயே வந்தோம். எல்லை மேலேயே இருக்கும் பீஸ் ஆர்ச் பூங்காவுக்குள் போக விசா வேண்டாமே. உங்கள் கார்கள் எல்லை வரிசையில் ஊர்ந்தன, நாங்கள் புல்வெளியில் கூடவே நடந்தோம். பாதி இறக்கிய கண்ணாடி வழியாகச் சிவப்புக் கையுறை ஆடியது. வரிசை நின்றால் நாங்களும் நின்றோம், நகர்ந்தால் நடந்தோம். 1921-ல் கட்டிய அந்த வெள்ளை வளைவில் 'ஒரு தாய் மக்கள்' என்று அமெரிக்கப் பக்கம் பொறித்திருக்கிறார்கள். உள்ளே, 'இந்தக் கதவுகள் ஒருபோதும் மூடப்படாதிருக்கட்டும்.' என் மனைவி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "போலாம், குளிருது" என்றாள். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

விசா வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம். தாலி கட்டி முடிந்த பிறகு வந்து இறங்கிய நாதஸ்வரம் மாதிரி.

"அப்போ இந்த வருஷம் பிரச்சினை இல்லியே?" என்று கேட்பீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டி விசா கொடுப்பதில்லை. மனைவியின் பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிந்தது, ஒருமுறைகூட எல்லை தாண்டாத அந்த விசாவும் அதோடு போயிற்று. புது பாஸ்போர்ட் வந்தாயிற்று, விசாவுக்கு மறுபடி முதலிலிருந்து. எனக்குக் கனடா விசா இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா முத்திரைதான் காலாவதி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் இருக்கு" என்று போன வாரம் ஒருவர் தைரியம் சொன்னார். இருக்கிறது. அமெரிக்காவில் தங்க அனுமதிக்கும் ஐ-94 பதிவு செல்லுபடியாக இருந்து, கனடாவில் 30 நாளுக்கு மேல் தங்காமல், அங்கே புது விசாவுக்கு விண்ணப்பிக்காமல் திரும்பினால் பழைய முத்திரையோடு விடுவார்கள். விதி எனக்கும் மனப்பாடம். ஆனால் திரும்பி வரும் இரவு, பின்சீட்டில் குழந்தை தூங்க, எல்லைச் சாவடி ஜன்னலுக்குள் இருப்பவர் அந்த விதியைத் தேடும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போவது தைரியம் சொன்னவர் இல்லையே. அவரிடம் க்ரீன் கார்டு. க்ரீன் கார்டும் பாஸ்போர்ட்டும் இருந்தால் கனடாவுக்கு விசாவே வேண்டாம்.

இதில் எனக்குப் பொறாமையா என்றால், ஆமாம். 1990-ல் போட்ட சட்டம், எந்த நாடானாலும் வேலை வழிக் க்ரீன் கார்டில் ஆண்டுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு என்கிறது. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. நம்மில் சிலர் வரிசையில் இரண்டு வருஷம் முன்னால் நின்றோம், சிலர் பின்னால். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த இரண்டு வருஷம் இன்றைக்கு 'மொபைலைத் திறந்தோமா, காண்டோவைப் புக் பண்ணோமா' என்பவர்கள் ஒரு ஜாதி, 'முதலில் வக்கீலைக் கேட்கணும்' என்பவர்கள் ஒரு ஜாதி என்று ஆக்கிவிட்டது. முதல் ஜாதிக்கு மறதி சீக்கிரம் வருகிறது. 2019-ல் இதே குழுவில், "எச்1பி வேலை விசால இருக்கவங்கள யாரும் கேக்கறதே இல்ல" என்று பொங்கியவர் இப்போதைய ஏற்பாட்டாளர்களில் ஒருவர். பெயர் சொல்லவில்லை, அவருக்கே ஞாபகம் வரட்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. போன முறை திரும்பும்போது கனடாவின் சர்ரேயில் ஆசையாக வாங்கிய ஒரு கட்டுப் பச்சைக் கறிவேப்பிலைக்காக ஒரு கார் ஓரங்கட்டப்பட்டு இரண்டு மணி நேரம் நின்றதே, என் மகள் அந்தக் காரில்தான் இருந்தாள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி ஒட்டிக்கொண்டு வரும் என்று கறிவேப்பிலையை இந்தப் பக்கம் விடுவதில்லை. டயருக்குப் போட்ட சிவப்பு எழுத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, கோபம் எங்கெங்கோ போகிறது. மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம்தான்.

தாளில் ஒரே ஒரு கட்டம் சேருங்கள்: 'இந்த வீட்டில் எல்லோராலும் எல்லை தாண்டித் திரும்ப முடியுமா?' ஆம், இல்லை, தெரியாது. காரணம் எழுத வேண்டாம், யாருடைய விசா ஸ்டேட்டஸும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு பணம் கட்டுங்கள். டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே கேட்டால் விண்ணப்பிக்க நேரம் இருக்கும். நவம்பரில் கேட்டால் அது அழைப்பில்லை, அறிவிப்பு.

'இல்லை' நிறைய வந்தால் மவுண்ட் பேக்கர் பனிச்சறுக்கு மலை இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், பெல்லிங்ஹாமிலிருந்து 542-ம் சாலையில் நேராக மேலே. 1998–99 பருவத்தில் அங்கே விழுந்த பனி 1,140 அங்குலம், அதாவது 95 அடி. உலக சாதனை. இரண்டு மலைகளுக்கு நடுவே 4.4 கிலோமீட்டர் தொங்கிக்கொண்டே போகும் விஸ்லரின் கேபிள் கார் அங்கே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மலை மேல் தங்கவும் இடமில்லை, கீழே கிளேசியர் என்ற ஊரில்தான் வீடு பிடிக்க வேண்டும். போட்டோ கொஞ்சம் சுமாராக வரும்.

இந்த வருஷம் புக் ஆகிவிட்டது, உங்களை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த முறை புக் பண்ணும் முன் கேளுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பங்குப் பணம் மகளுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டு இட்லி மாவு 25-ம் தேதி இரவு தயாராக இருக்கும், யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட் அளவு கேட்டிருந்தீர்கள். மகளுக்கு 21.5. மற்ற இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தாளில் பதினோராவது வரிசை