சிட் பாரெட்டின் கைவேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான சிட் பாரெட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளில் தொடங்கி எல்.எஸ்.டி.யிலேயே முடிந்துவிட்டது. 1967 கடைசியில் அவர் நிலைகுலைந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் கிதாரை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதற்குக் கட்டுரையில் கிடைத்தது ஒரே வரி: டேப் எக்கோவை (காந்த நாடாவில் ஒலியைப் பதிந்து எதிரொலியாகத் திருப்பித் தரும் கருவி) திருகி மாயம் செய்தாராம். அந்த வரியும் தவறு.

அவரிடம் இருந்தது பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய மெஷின். அதில் டேப்பே கிடையாது. காந்தக் கம்பி சுற்றிய உருளை ஒன்று சுழலும். பதிவு ஹெட் (ஒலியைக் காந்தத் தடமாகப் பதியும் முனை) அதில் எழுதும் ஒலியை, சுற்றிலும் நிற்கும் நான்கு ஹெட்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும். கடைசி ஹெட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய 300 மில்லிசெகண்ட். டேப் தேய்ந்து அறும் தொல்லை இல்லை. அதற்குப் பதில் வேறு தொல்லை: உருளையை ஓட்டும் ரப்பர் சக்கரம் இறுகிப்போனால் சுருதி அலையும், ஹெட் கொஞ்சம் விலகினால் எதிரொலி மங்கிவிடும். ரிபீட் குமிழை அளவுக்கு மேல் கூட்டினால் ஊளைதான்.

இதற்குள் அவர் அனுப்பியது சாதாரண கிதார் ஒலியும் அல்ல. வட்டக் கண்ணாடிகள் ஒட்டிய ஃபெண்டர் எஸ்க்வயர் கிதாரின் தந்திகள் மேல் ஸிப்போ லைட்டரை வைத்து இழுப்பார். கோட்டுவாத்தியத்தில் கட்டையை ஓட்டுவது மாதிரிதான், ஆனால் ஸ்வரத்தில் போய் நிற்க வேண்டும் என்ற கவலை இல்லை. இழுத்த ஒலி நான்காகி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது சுருதி எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. ஏஎம்எம் என்ற பரிசோதனை இசைக் குழுவின் கீத் ரோ கிதாரைப் படுக்கப்போட்டுக் கண்ட பொருள்களால் வாசித்ததைப் பார்த்துப் பிடித்த வழி இது.

அடுத்து, பிங்க் ஃப்ளாய்டை விட்டு விலகிய பின் பாரெட் தனியாகச் செய்து 1970 ஜனவரியில் வந்த ‘தி மேட்கேப் லாஃப்ஸ்’ ஆல்பம். கட்டுரையாளர் இதை ‘உளறல்’ என்று தள்ளிவிட்டார். அது எப்படிப் பதிவானது என்று பார்த்திருக்கலாம். வழக்கமாக டிரம்ஸும் பாஸும் முதலில் பதிவாகும், குரல் அதன்மேல் ஏறும். இந்த ஆல்பத்தின் சில பாடல்களில் தலைகீழ். பாரெட்டின் கிதாரும் குரலும் பதிவான பிறகு, 1969 மே மாதம் சாஃப்ட் மெஷின் குழுவின் ராபர்ட் வயாட், ஹ்யூ ஹாப்பர், மைக் ராட்லெட்ஜ் மூவரும் அதன்மேல் வாசித்தார்கள். பாரெட்டுக்குச் சொல் நீண்டால் ஆவர்த்தனமும் நீளும். எண்ணிக்கை வைத்துக்கொண்டு வாசிப்பவர் சமத்தில் வந்து விழும்போது பாடகர் இன்னும் பாதிச் சொல்லில் இருப்பார். வரிகளை மனப்பாடம் செய்து மூச்சைப் பின்தொடர்வது தவிர வேறு வழியில்லை. ‘நோ குட் ட்ரையிங்’ பாடலில் டிரம்ஸ் பாட்டை நடத்தவில்லை, பின்னாலேயே ஓடி வருகிறது. பாரெட்டிடம் என்ன ஸ்கேல் என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று பதில் வருமாம், வயாட்டே சொன்னது.

மீதியைப் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோரும் ரோஜர் வாட்டர்ஸும் தங்கள் சொந்த ஆல்ப வேலைக்கு நடுவே அவசரமாக முடித்தார்கள். ‘இஃப் இட்ஸ் இன் யூ’வில் அவர் தடுமாறி நிறுத்தியதைக்கூட வெட்டாமல் விட்டார்கள். முதலில் தயாரிப்பைக் கவனித்த மால்கம் ஜோன்ஸ் இதைப் பின்னாளில் கண்டித்தார். நியாயமான கண்டனம். உளறல் என்ற பேர் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

கடைசியாக, கட்டுரை சொல்வதுபோல் பாரெட் ‘வறுமையில் வாடி’ இறக்கவில்லை. பாட்டை எழுதியவருக்கு, மேடையேறாவிட்டாலும் ராயல்டி உண்டு. 1973-இல் பாடகர் டேவிட் போவி, பாரெட் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’யைத் திரும்பப் பாடினார். 2001-இல் பிங்க் ஃப்ளாய்டின் ‘எக்கோஸ்’ தொகுப்பில் பாரெட் எழுதிய ஐந்து பாடல்கள் இடம்பெற்றன. அந்தப் பணம் அவருக்குப் போய்ச் சேர்வதில் கில்மோர் கவனமாக இருந்தார். 2006 ஜூலை 7 அன்று கேம்பிரிட்ஜில் காலமானபோது பாரெட் விட்டுச்சென்ற சொத்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி