நாணயம் சுண்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரவு கையாளுதலையும் நிகழ்தகவையும் செயல்வழியில் கற்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு வாத்தியாராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, வந்த விடையை நாமே திருத்துகிறோம்.

பத்து முறை நாணயம் சுண்டச் சொல்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஏழு தலை, மூன்று பூ விழுகிறது. "ஒழுங்கா சுண்டு" என்கிறோம். இல்லையென்றால் பிள்ளையே பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து 5, 5 என்று மாற்றிக்கொள்கிறது. பத்துச் சுண்டலில் சரியாக ஐந்து தலை விழ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். நூறு சுண்டலில் சரியாக 50 விழுவது இன்னும் அரிது, சுமார் 8 விழுக்காடு. ஏழு-மூன்றை அப்படியே கரும்பலகையில் எழுதி, அடுத்தடுத்த பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அதோடு கூட்டிக்கொண்டே போனால், விகிதம் மெல்ல அரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை வகுப்பே பார்க்கும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணிதர் 10,000 முறை சுண்டி எண்ணினார், தலை 5,067. பாதியைவிட 67 அதிகம், ஆனால் விகிதமோ 0.5067. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை என்பது விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

எனக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று. பாதி வகுப்பு நூறு முறை நிஜமாகவே சுண்டி எழுத வேண்டும். மீதிப் பேர் சுண்டாமலே மனம்போல எழுத வேண்டும். எது பொய் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பொய்யாக எழுதுபவர்கள் தொடர்ந்து ஐந்து தலை போடப் பயப்படுவார்கள்; நிஜச் சுண்டலில் தலையோ பூவோ தொடர்ந்து ஐந்து முறை வராமல் போவதுதான் அபூர்வம்.

நாணயத்தையே கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். பலகையில் தாள் குத்தும் தட்டைத்தலை ஊசியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முனை மேலே பார்க்குமா, சாய்ந்து கிடக்குமா? விடை வாத்தியாருக்கும் தெரியாது. போட்டு எண்ணினால்தான் உண்டு, காப்பியடிக்க இடமே இல்லை.

தரவுக்கும் இதே கதைதான். பாடநூல் அட்டவணை துடைத்து வைத்த தரவு. ஒரே மேசையின் அகலத்தை ஐந்து பேரை அளக்கச் சொன்னால் 60, 61, 61, 62 செ.மீ. என்று வரும். ஐந்தாவது பிள்ளை 24 என்று எழுதியிருக்கும். அளவுகோலின் அங்குலப் பக்கம்! உடனே அந்த எண்ணை அடித்துவிடாதீர்கள். அதையும் சேர்த்தால் சராசரி 53.6, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 61-லேயே நிற்கிறது. இடைநிலை அளவு எதற்கு என்பதை அந்த 24 விளக்குகிற மாதிரி நான் விளக்கியதில்லை.

நேரம் இல்லை என்பார்கள் சக ஆசிரியர்கள். நியாயம்தான். தேர்வில் "ஒரு சீரான நாணயம் சுண்டப்படுகிறது" என்றுதான் கேட்கிறார்கள். இப்படி அழுக்கான தரவைக் கொடுத்து, இதை என்ன செய்வாய் என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், அந்த நேரம் தானாகக் கிடைத்துவிடும். வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்