கீதா, உன் ஒற்றை வரிக் கேள்விக்கு

அன்புள்ள கீதா,

"மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் படித்துவிட்டு, மாடு அறுக்கிற ஆலையில் உனக்கு என்னடி வேலை?" என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். கோபம் ஆறட்டும் என்று விட்டேன், ஆறிய பிறகு சோம்பல் வந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் மகன் இன்னும் அந்தக் கிடாரை விடவில்லை. சரி, அதெல்லாம் போகட்டும். சமீபத்தில் ஓர் ஆலையில் தணிக்கைக்குப் போன இடத்தில் ஒன்று நடந்தது. அதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். நம் கல்லூரித் துறைத் தலைவர் இருந்திருந்தால் அவரிடம் போயிருப்பேன். இப்போது நீதான் மாட்டினாய்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று "பாவம், மெதுவாக அடியுங்கள்" என்று சொல்கிற வேலை என்று நீ நினைத்திருப்பாய். என் வேலை எண்ணுவது. கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு நூறு மாடுகளைப் பார்க்க வேண்டும். அறுக்கும் முன் துப்பாக்கியின் முதல் அடியிலேயே நினைவிழந்தவை எத்தனை, கதறியவை எத்தனை, வழுக்கி விழுந்தவை எத்தனை, ஷாக் கோலால் தொடப்பட்டவை எத்தனை என்று கோடு போட வேண்டும். இந்த முறையைக் கொண்டுவந்தவர் டெம்பிள் கிராண்டின். கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தில் விலங்கு அறிவியல் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர். ஒரு சங்கிலி தொங்கி ஆடினாலோ, ஈரத் தரையில் விளக்கு மின்னினாலோ மாடு ஏன் நின்றுவிடுகிறது என்று, மாட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து போய்ப் பார்த்தவர். 1996ல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக அவர் ஆலைகளைச் சுற்றிவந்தபோது, 95 சதவீத மாடுகளை ஒரே அடியில் நினைவிழக்கச் செய்ய முடிந்தவை பத்தில் மூன்று மாட்டு ஆலைகள்தான். 1999ல் மெக்டொனால்ட்ஸ் தனக்கு இறைச்சி தரும் ஆலைகளை இதே அளவுகோலால் தணிக்கை செய்யத் தொடங்கியது. நிலைமை மளமளவென்று மாறியது. கருணை ஊற்றெடுத்ததால் வந்த மாற்றமில்லை, பெரிய வாடிக்கையாளர் முறைத்தார், அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான ஆலைகள் புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. வழுக்காத தரை போட்டார்கள், விளக்கை நகர்த்தினார்கள், துப்பாக்கியை ஒழுங்காகத் துடைத்தார்கள், ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

கதறல் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. விழுவது ஒன்றைத் தாண்டக் கூடாது. நினைவோடு ஒரு மாடு தூக்கும் சங்கிலியில் ஏறினால், ஒன்றே ஒன்று ஏறினாலும், அன்றைய தணிக்கை தோல்வி. அதில் மட்டும் சதவீதக் கணக்கு கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஓர் ஆலை. காலையில் பார்த்தேன், பழுதில்லை. கொடியைக் காட்டி ஓட்டுகிறார்கள், ஷாக் கோல் சுவரில் தொங்குகிறது, மாடுகள் வளைந்த சந்தில் வரிசையாக நடந்து வருகின்றன. எனக்கே ஆச்சரியம். மதியத்துக்கு மேல் அதே இடம், அதே ஆள், அதே துப்பாக்கி. ஆனால் இரண்டாவது அடி தேவைப்படும் மாடுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. என் அட்டையில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, "அவருக்கு வயசாயிடுச்சு மேடம், கை தளர்ந்துடுது, ஆளை மாத்திடறோம்" என்றார். எவ்வளவு சுலபமான பதில் பார்!

அந்தத் துப்பாக்கியை நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அதில் குண்டு கிடையாது. வெற்றுத் தோட்டாவின் வெடி ஓர் இரும்புத் தண்டை முன்னே தள்ளும், அது மண்டை ஓட்டில் இறங்கி மூளையைத் தாக்கித் திரும்பி உள்ளே போய்விடும். இடமும் நமக்குத் தெரிந்ததுதான்: கண்ணிலிருந்து எதிர்ப்பக்கக் கொம்படிக்கு இரண்டு கோடு இழுத்தால் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி. விழுந்த மாடுகளைப் பார்த்தேன். புள்ளி சரியாகத்தான் இருந்தது, ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. அப்படியானால் கை தளரவில்லை, வேகம்தான் போதவில்லை.

இடைவேளையில் அந்த மனிதரிடமே கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "மத்தியானம் ஆனா சத்தம் அமுங்கிடுதும்மா. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார். கீதா, அவர் காதாலேயே நோயைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. தோட்டாப் பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்று போய்ப் பார்த்தால், கத்தி கழுவும் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில்! நாள் முழுக்க அங்கே ஆவி. காலையில் புதுப் பெட்டி உடைக்கும்போது சரியாக இருக்கிறது, மதியத்துக்குள் நமுத்த தீக்குச்சி கதைதான். அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் தலைவர், "டயக்னோஸிஸ் உன் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது" என்று மறுபடி ஆரம்பித்திருப்பார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். தோட்டா கெட்டதற்குக் காரணமான அந்தத் தொட்டி இருக்கிறதே, அதன் பதிவேட்டையும் புரட்டினேன். கத்தியைக் கிருமி நீக்கும் தண்ணீர் 82 டிகிரியில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். பக்கம் முழுக்க 82, 82, 82. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. நானே வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். ஆவியெல்லாம் வருகிறது, ஆனால் 82ஐத் தொடவில்லை.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். ஆலைகளில் இரண்டு தனித்தனி ஃபைல் வைத்திருப்பார்கள். விலங்கு நலத்துக்கு ஒன்று, உணவுப் பாதுகாப்புக்கு ஒன்று. முதலாவது ஊர் வாயை மூட, இரண்டாவது வியாபாரத்துக்கு. நீயும் அப்படித்தான் பிரித்துப் பேசுகிறாய். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே இடத்தில்தான் அழுகுகின்றன. வரிசை நிற்கக் கூடாது என்ற பயம் வந்த இடத்தில் மாட்டின் நெற்றியையும் யாரும் பார்ப்பதில்லை, வெப்பமானியையும் யாரும் பார்ப்பதில்லை. பெரிய ஆலைகளில் மணிக்கு முந்நூறு மாடு போகிறது. ஒரு மாட்டுக்குப் பன்னிரண்டு நொடி. அதற்குள் தோலில் கீறிய கத்தியைக் கழுவி, சுடுநீரில் போட்டு, அங்கே ஊறிக்கொண்டிருக்கும் இன்னொரு கத்தியை எடுக்க வேண்டும். வேகம் கூடினால் முதலில் காணாமல் போவது இந்தக் கத்தி மாற்றும் பழக்கம்தான்.

தோல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் என் பிரசங்கத்தைக் கேள். தசை உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது. சாணியும் சேறும் தோலில் இருக்கின்றன, குடலுக்குள் இருக்கின்றன. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற குடல் கிருமி மாட்டை ஒன்றும் செய்யாது, அதனால் உயிரோடு இருக்கும்போது நாம் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. தோலை உரிக்கும் சில நிமிடங்களில் அது இறைச்சியின் மேற்பரப்புக்குத் தாவுகிறது. துண்டாக இருந்தால் மேலே வெந்தால் போதும். அரைத்தால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது, 71 டிகிரி உள்வரை எட்டாவிட்டால் சாகாது. 1993ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் எழுநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நாம் படிக்கும்போது அதை ஒரு கேள்விக்கு விடையாக மனப்பாடம் செய்தோம். இப்போது கத்தித் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அந்த நான்கு வேறு மாதிரி இருக்கிறது. அடுத்த ஆண்டே, அரைத்த மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அது கலப்படம் என்று அறிவித்தார்கள். 1996ல் ஹாசப்பை, அதாவது ஆபத்து நுழையக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கண்டறிந்து கண்காணிக்கும் முறையை, கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, கையால் தொட்டுத்தான் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத எதிரியை அப்படித் தேடியிருக்கிறோம்.

இரண்டு ஃபைலும் ஒன்றுதான் என்பதற்கு இன்னும் நேரடியான சாட்சியும் உண்டு. ஒருகாலத்தில் மூளைக்குள் காற்றைச் செலுத்தும் துப்பாக்கி இருந்தது. மாடு உதைக்காது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் காற்று மூளைத் திசுவை ரத்தத்தில் தள்ளி நுரையீரல்வரை கொண்டுபோகிறது என்று தெரிந்தது. மூளைத் திசு வழியே பரவக்கூடிய பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்) பயத்தில் 2004ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. 2008ல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆலையில், எழுந்து நிற்க முடியாத மாடுகளை ஃபோர்க்லிஃப்டால் தள்ளி, தண்ணீரைப் பீய்ச்சி எழுப்பியதை ஒருவர் ரகசியமாகப் படம் எடுத்து வெளியிட்டார். பார்த்தவர்கள் கொடுமை என்று கொதித்தார்கள். அதிகாரிகள் பதறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: நிற்க முடியாத மாட்டுக்கு எந்த நோய் என்று யாருக்குத் தெரியும்? 14 கோடி பவுண்டுக்கு மேல் இறைச்சியைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அதில் பள்ளி மதிய உணவுக்குப் போனதும் உண்டு, பெரும்பகுதி அதற்குள் சாப்பிட்டும் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு, நிற்க முடியாத மாட்டை உணவுக்கு அறுக்கவே கூடாது என்று விதி வந்தது.

மிரண்ட மாடு இறைச்சியிலும் தெரியும், அது உனக்கும் நினைவிருக்கும். சண்டை போட்டு, பட்டினி கிடந்து, தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்து போனால், இறைச்சியின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5 பக்கம் இறங்காமல் 6க்கு மேலேயே நின்றுவிடும். இறைச்சி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெட்டுப்போகும். மேலாளர்களிடம் நான் இதில்தான் ஆரம்பிப்பேன். பாவம் என்றால் தலையாட்டுவார்கள், கறுத்த இறைச்சி என்றால் கால்குலேட்டரை எடுப்பார்கள்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். "இதமாகக் கொல்லக் கற்றுக்கொடுப்பதும் ஒரு வேலையா?" உன்னோடு அதில் வாதாட எனக்குத் தெம்பில்லை. நீ இறைச்சியைத் தொடாதவள், உன் கட்சியில் நேர்மை இருக்கிறது. சில சாயங்காலங்களில் நானும் உன் கட்சிதான். ஆனால் நாளைக் காலை அந்தச் சந்தில் நடந்து வரப்போகிற மாடு நம் விவாதம் முடியும்வரை காத்திருக்காது. தோட்டா உலர்ந்திருக்கிறதா என்பதுதான் அதற்கு விஷயம். அதைப் பார்க்க ஒரு கால்நடை மருத்துவர் அங்கே நிற்பது உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும், எனக்கு இல்லை.

துப்பாக்கி பிடிக்கும் அந்த மனிதரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க அதே நிலையில் நின்று நெற்றி நெற்றியாகப் பார்க்கிறார். இடையில் ஆளை மாற்றி மாற்றி விட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன, களைத்த கைக்குக் குறி தவறும், அதற்கும் முன்னால் மனசு மரத்துப் போகும். பாதிப்பேர் பாதியில் ஓடிவிடுகிறார்கள் என்று அங்கே ஆள் மாற்றுவதே இல்லை. பழியைப் போட மட்டும் அவர் வயது வசதியாக இருந்தது.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். மேலாளர் தொலைபேசியில் அழைத்து, தோட்டா விஷயத்தை ஒத்துக்கொள்கிறோம், பதிவேட்டை மட்டும் 'சிறு குறிப்பு' என்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். குரலில் தேன். தோட்டாவை உலர்ந்த அறைக்கு மாற்றினால் ஒரு நாளில் சரியாகிவிடும் மேடம் என்றார். சரியாகும்தான். பொய்ப் பதிவேட்டை எந்த அறைக்கு மாற்றுவது? தணிக்கை தோல்வி என்றே அனுப்பிவிட்டேன். அடுத்த முறை சொல்லாமல்தான் போவேன், அதுவும் மதியத்துக்கு மேல்.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அங்கே இரண்டு ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களுக்கு, மாடு உண்மையிலேயே நினைவிழந்ததா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். கால் உதைத்தால் உயிரோடு இருக்கிறது என்று பதறுகிறார்கள், சீராக மூச்சு வாங்குவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். கண்ணைத் தொட்டால் இமைக்கிறதா, நாக்கு தொங்குகிறதா, தலையை நிமிர்த்தப் பார்க்கிறதா, இவ்வளவுதான் வேண்டும். மயக்கவியல் தேர்வுக்கு முன் நீ வரைந்தாயே ஒரு படம், மாட்டு முகத்துக்கு முரளியின் கண்ணாடியை மாட்டி, அதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. உன்னிடம் இருக்கும், நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. ஸ்கேன் செய்து அனுப்பு. கண்ணாடி இருந்தாலும் பரவாயில்லை.

வசந்தி மகள் கல்யாணத்துக்குப் போகிறாயா? போனால் சொல், நானும் லீவு போடுகிறேன்.

அன்புடன்,
சுமதி