தாது வருஷமும் சூரியப் புள்ளியும்

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் பதில் போடவில்லை என்று வரதனிடம் குறைப்பட்டாயாம். அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, தெரியாதா உனக்கு?

கட்டுரை படித்தேன். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள், குறைந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் அப்படியே அச்சுக்கு விடாதே. 1877இல் மதராஸ் மழைக்கணக்கை வைத்து ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி சொன்னது அது. புள்ளிகள் கூடிக் குறைவது சுமார் 11 வருஷச் சுழற்சி. அறுபது சொச்சம் வருஷ மழையை அந்தச் சுழற்சியின் முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று அடுக்கி மடித்தால் ஒவ்வொரு சராசரிக்கும் ஐந்தாறு வருஷம்தான் தேறும். கார்த்திகையில் ஒரு புயல் கூடுதலாக வந்தாலே அந்தச் சராசரி எகிறிவிடும். சுழற்சியும் சரியாக 11 இல்லை. 9 வருஷத்தில் முடிவதும் உண்டு, 13ஐத் தாண்டுவதும் உண்டு. மடிக்க மடிக்கக் கட்டம் நழுவும். பின்னால் இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் இந்திய மழையைப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு பலவீனமாகத்தான் இருந்தது.

மழை பொய்த்ததில் எல் நினோவுக்கு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதற்கு, பெரிய பங்கு உண்டு. ஆனால் மழை பொய்த்தது வேறு, ஜனங்கள் செத்தது வேறு. வெளிநாட்டுக்குக் கப்பலில் தானியம் போய்க்கொண்டிருந்தபோதே, நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தவர், பஞ்சத்தைப் பார்க்க ஆங்கிலேய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். சூரியன்மேல் பழியைப் போட்டால் அவர் தப்பித்துவிடுவார் சுந்தரம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சூரியனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. சதுர மீட்டருக்கு 1361 வாட் வருகிறது; சுழற்சியின் உச்சத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் சுமார் 1 வாட். பூமி உருண்டை என்பதால் நாலால் வகு, திருப்பி அனுப்பும் 30 சதவீதத்தைக் கழி: 0.2 வாட்கூடத் தேறாது. வெப்பநிலையில் அது 0.1 டிகிரி அளவுக்குத் தெரியும், பிறகு இறங்கிவிடும். 1750க்குப் பின் சேர்ந்த கார்பன் டையாக்சைடு மட்டுமே சுமார் 2 வாட், அது இறங்குவதில்லை. 1980களின் நடுவிலிருந்து சூரியன் மெல்லத் தணிந்துதான் வருகிறது, வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது.

உன் சூரியப் புள்ளி வரைபடத்தில் கடைசியில் ஒரு துள்ளல் இருக்கிறதே, அது சூரியன் செய்ததில்லை. புள்ளி எண்ணும் முறையைத் தொடங்கிய ஸ்விஸ் வானியலாளர் உல்ஃபின் தொலைநோக்கியோடு ஒத்துப்போக முன்பெல்லாம் புள்ளி எண்ணிக்கையை 0.6ஆல் பெருக்குவார்கள். 2015 ஜூலையில், புள்ளிக் கணக்கைப் பராமரிக்கும் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள். பழைய அட்டவணையோடு புதியதை ஒட்டினால் ஒட்டுப்போட்ட இடத்தில் 1.67 மடங்கு எகிறும். 1700இலிருந்தே புதிய அட்டவணை கிடைக்கிறது, முழுதாக அதையே போடு.

மூன்றாம் பத்தியைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, அன்றே பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராமு