என் இடுப்பில் உன் படிப்பு

கீழக்கரை
புதன் ராத்திரி

டேய் சேகரு,

எட்டு மாசமாய்ப் பேசாததுக்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. நீயும்தான் பேசவில்லை, கணக்கு சரி. வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். காதர் காக்கா அந்த முந்நூறு ரூபாயை இன்னமும் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் விருத்தாசலத்துப் பீங்கான் படிப்பை ‘சட்டிப்பானைப் படிப்பு’ என்று எத்தனை கேலி செய்திருப்பேன்! இப்போது அது என் வலது இடுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. மதுரையில் ஆபரேஷன், ஆறு வாரம் ஆச்சு. தொடையெலும்பின் தலை செத்துப்போச்சாம், அதை எடுத்துவிட்டுப் பீங்கான் பந்து வைத்திருக்கிறார்கள். குடியா, ஸ்டீராய்டா என்று குடைந்த டாக்டர், நான் கம்ப்ரசர் காற்றுக்குழாயோடு கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆழத்திலிருந்து அவசரமாய் ஏறினால் நைட்ரஜன் குமிழ் கட்டி எலும்புக்கு ரத்தம் அடைபடுமாம். வருஷக்கணக்கில் வெளியே தெரியாதாம். நாம் அதை வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தோம்.

மாதிரிப் பந்து ஒன்றைக் கையில் கொடுத்தார். பஞ்சுமிட்டாய் நிறம், குரோமியம் ஆக்சைடு சேர்வதால் அப்படியாம். நகத்தால் தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அலுமினா, சிர்கோனியா என்று இரண்டு பீங்கான் கலந்தது, எனக்கு வைத்தது 36 மி.மீ. விட்டம். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. உப்புக்காற்றில் நம்ம பக்கம் எதுடா நிலைத்தது? 1914-ல் திறந்த பாம்பன் பாலத்திலேயே 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்களே.

சின்னவள் போனில் தேடித் தந்ததையெல்லாம் படித்தேன். அலுமினா ரொம்பக் கடினம், ஆனால் விரிசல் விட்டால் ஒரே ஓட்டம். அதுக்குத்தான் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாய் சிர்கோனியா. விரிசல் முனை கிட்டே வந்ததும் அந்தத் துகள் படிகம் மாறி, சுமார் நாலு சதவீதம் புடைத்து, விரிசலை நெரித்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதே புடைப்பு, விரிசலே இல்லாமல் வெறும் ஈரத்திலும் மெல்ல நடக்குமாமே! உப்புகூட வேண்டாம், தண்ணீர் போதும். 1981-லேயே ஜப்பான்காரர்கள் கண்டு சொன்னதை நீ ஏன்டா எனக்குச் சொல்லவில்லை?

தனி சிர்கோனியாவில் செய்த பந்துகள் 2001 வாக்கில் நூற்றுக்கணக்கில் உடைந்ததாம். காரணம் கேட்டால் சிரிப்பாய். அடுக்கடுக்காய்ச் சுட்டதை விட்டு, சரக்கு நகர்ந்துகொண்டே வேகும் டனல் சூளைக்கு மாறினார்களாம். நீ சூளையில் சுட்ட முதல் கக்கூஸ் கோப்பை ஞாபகம் வருதா?

என் கலவையில் அலுமினா சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பதால் அந்த மாற்றம் ரொம்பக் குறைவாம். பந்து உடைவது பத்தாயிரத்தில் ஒன்றுகூட வராதாம். சரி. ஆனால் அந்த ஒருத்தனுக்கு உடைந்தால், துணுக்கு முழுசையும் பொறுக்க முடியாதாம். மிஞ்சியது அடுத்து வைக்கும் உலோகப் பந்தை அரம் மாதிரி ராவுமாம். வயிற்றைக் கலக்குவது அதுதான்.

இன்னொரு சந்தேகம். பந்தை 134 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வைத்தால் உடம்புக்குள் மூணு நாலு வருஷம் போனதுக்குச் சமம் என்று கணக்குப் போடுகிறார்கள். நம்ம குக்கரைவிடக் கொஞ்சம் கூடச் சூடு, அவ்வளவுதானே? குக்கருக்குள் யார் நடக்கிறது? ஈரமும் வேண்டும், என் எழுபத்தெட்டு கிலோவும் வேண்டும், வள்ளத்தில் ஏறி இறங்குவதும் வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். எனக்கு ஐம்பத்தொன்று. அப்பா எண்பத்தாறில் போனார். அப்போ எத்தனை மணி நேரம் வேகவைத்த பந்தை நான் நம்புவது? கூட்டிச் சொல்லு.

வாசலில் பழைய சங்கு ஒன்று கிடக்கிறது. நேற்று சுத்தியலால் போட்டேன். ஓரம் பெயர்ந்ததே தவிர உடையவில்லை. அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சுண்ணாம்புதான், தகடு தகடாய்க் குறுக்கும் நெடுக்கும் அடுக்கியது. இதையெல்லாம் படித்த பிறகுதான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இருபது வருஷம் மூட்டை மூட்டையாய் வாரிப்போட்டபோது தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. குத்த வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். நாற்காலி வைத்து ஒப்பேற்றுகிறோம், வீட்டில் சிரிக்கிறார்கள். உங்கள் கம்பெனி வெஸ்டர்ன் கோப்பை ஒன்று விலை குறைத்து லாரியில் போட்டுவிடு. வெள்ளையே போதும். சூளை மாற்றாத நாளில் சுட்டதாய்ப் பார்த்து எடு.

உன்
பாண்டி