பட்டியலில் வராத பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். படிப்பில் பின்தங்கும் மாணவர்களைக் கல்லூரிகள் வெளியேற்றுவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2015-இல் ரூர்க்கி ஐஐடி, பத்துக்கு ஐந்து என்ற தரப்புள்ளிச் சராசரியைத் தொடவில்லை என்று முதலாண்டு மாணவர்கள் 70 பேருக்கு மேல் நீக்கியது. அவர்கள் நைனிடால் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் நிறுவனத்தின் முடிவை ஏற்றது. ஆனாலும் எதிர்ப்பு வலுத்ததால், முதலாண்டை மறுபடி படிக்க நிறுவனமே பிறகு இடம் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருந்தன. அதனால்தான் வழக்குப் போட முடிந்தது, செய்தித்தாளில் வந்தது, நாடு பேசியது.

தென்மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் நான். அப்படி ஒரு பட்டியல் ஒட்டப்பட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. பிள்ளை தானாக நின்றுவிடுகிறான். பதிவேட்டில் சிவப்பு மையால் ‘இடைநின்றார்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

எப்படி நின்றுபோகிறான் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில், அதாவது முதல் செமஸ்டரில், மூன்று, நான்கு பாடங்களில் தோற்று அரியர் விழுகிறது. வெட்கத்தில் வகுப்புக்கு வருவதைக் குறைக்கிறான். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். மருத்துவச் சான்று கொடுத்தால் 65 வரை விட்டுக்கொடுப்பார்கள். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அதே பருவத்தை அடுத்த ஆண்டு, இளையவர்களோடு உட்கார்ந்து, மறுபடி கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அந்தப் பணம் இருக்கிறது? இதில் எந்த இடத்திலும் ‘நீக்கம்’ என்ற சொல்லே வராது.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். முதல் பருவக் கணிதத்தில் முதல் அலகே அணிகள் (மேட்ரிக்ஸ்) தான். பள்ளியிலேயே பாதி பார்த்துவிட்ட பாடம். ஆனால் நான் ஆங்கிலத்தில் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் வாய் திறந்ததில்லை. கவனமில்லாத பையன் என்று முடிவு கட்டிவிட்டேன். பருவத் தேர்வில் தோற்ற பிறகுதான் என் அறைக்குக் கூப்பிட்டு, ‘அணியின் தரம் காணத் தெரியுமா தம்பி?’ என்று தமிழில் கேட்டேன். சாக்பீஸை வாங்கி, ஏறுபடி வடிவத்துக்கு மாற்றி, நான்கு வரியில் விடையைப் போட்டுவிட்டு, ‘வகுப்பில் இதைத்தான் கேட்டீர்களா மேடம்?’ என்றான்.

அப்போது ஜனவரி மாதம். நான் இதை ஆகஸ்டு மாதமே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் மூன்று வாரம் வந்தான். பிறகு வரவில்லை. கல்லூரி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, ஆங்கிலத்தில். நான் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா அந்தக் கடிதத்தைக் கட்டண ரசீதுகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதுவும் ஒரு ரசீது என்றே நினைத்திருக்கிறார். அவர்கள் அவனுடைய சான்றிதழ்களைக் கேட்கப் போனபோது, மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றது நிர்வாகம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. அதை எடுத்துச் சொல்லத்தான் அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை.

தேறாதவனுக்குப் பட்டம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தகுதியில்லாத விடைத்தாளில் ஒரு மதிப்பெண்கூட நான் சும்மா போட்டதில்லை. எம்.பி.பி.எஸ். முதலாண்டை நான்கு முயற்சிகளுக்குள் முடித்தாக வேண்டும், மொத்தப் படிப்பை ஒன்பது ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதி சொல்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட படிப்பில் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஆனால் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அந்த வகுப்புகளுக்குள் போகிறார்கள். இரண்டாம் முயற்சியில் தோற்ற பிள்ளைக்கு மூன்றாம் முயற்சிக்கு முன்னால் யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது? முயற்சிகளை எண்ணுவதற்கு விதி இருக்கிறது, இதற்கும் ஒரு விதி எழுதினால் என்ன?

அமெரிக்காவின் பல கல்லூரிகளில் தரப்புள்ளிச் சராசரி நான்குக்கு இரண்டு என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் மாணவரைக் கண்காணிப்புக் காலத்தில் வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும், எடுக்கும் பாடங்களையும் பல இடங்களில் குறைத்துவிடுகிறார்கள். அப்போதும் தேறாவிட்டால்தான் நீக்கம். அதற்கும் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் எல்லோரும் கரையேறுவதில்லை. ஆனால் எச்சரிக்கையோடு கூடவே ஓர் ஆளையும் அனுப்புகிறார்கள்.

நம் ஊரில் வாய்ப்புகளும் கடைசியில்தான் வருகின்றன. 2001-02 முதல் படித்து, அரியர் பாக்கியால் பட்டம் வாங்காமல் போனவர்கள் கூடுதலாக 5,000 ரூபாய் கட்டித் தேர்வு எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் இரண்டாம் பருவத்தையே முடிக்காமல் போனவனுக்கு அந்தக் கதவும் கிடையாது.

முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்த வாரத்திலேயே, தோற்ற ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் கடிதம் தமிழில் போக வேண்டும். இரண்டாம் பருவத்தில் பாடங்களைக் குறைத்து எடுத்துக்கொள்ள அவனை அனுமதிக்க வேண்டும். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இரண்டாம் ஆண்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வேலைவாய்ப்பு பெற்றவர்களின் படங்களை வாயிலில் மாட்டும் கல்லூரிகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

அந்த மாணவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறானாம், கணக்கு நன்றாக வருமாம், எதில் சேர்க்கலாம் என்று கேட்டான். பொறியியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை,
பாளையங்கோட்டை